கைவினைப் பொருளைச் செய்தவரைக் கண்டறிந்து வாங்குவது எப்படி

சுவாமிமலையில் வார்த்த நடராசர் சென்னைக் கடை ஒன்றில் நிற்கும்போது அதன்மேல் விலைச்சீட்டு இருக்கும், எடை எழுதியிருக்கும், சில கடைகளில் சான்றிதழும் உடன் தருவார்கள். மெழுகில் அந்த உருவத்தைப் பிடித்தவர் யார், வார்த்தவர் யார், உளியால் கண் திறந்தவர் யார் என்ற குறிப்பு மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. பத்தமடைப் பாய்க்கும் பவானி ஜமக்காளத்துக்கும் தஞ்சாவூர் ஓவியத்துக்கும் இதே நிலைதான். பொருள் ஊரின் பெயரைச் சுமந்து வருகிறது. செய்தவரின் பெயர் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. அவரிடமே நேராகப் போய்ச் சேர விரும்புகிறவர்களுக்காக இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். இது கடினமான காரியமன்று. ஆனால் கடையில் பொருள் தேடும் முறை வேறு, ஆளைத் தேடும் முறை வேறு என்பதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஊரைத் தெரிந்துகொண்டு கேள்வியை மாற்றுங்கள்

எல்லாக் கைவினைகளையும் ஒரே சமயத்தில் தேடாமல், உங்களுக்கு உண்மையாகவே தேவைப்படும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் ஊரிலிருந்து தொடங்குவது நல்லது. கைவினைகள் ஓர் ஊரில் வேரூன்றியதற்குப் பெரும்பாலும் மண்ணும் நீரும் காரணமாக இருக்கும். சுவாமிமலை வார்ப்புக்குக் காவிரியின் நுண்ணிய வண்டல் மண் கரு, அதாவது உலோகம் ஊற்றும் மண் அச்சு, செய்யக் கிடைத்தது. பத்தமடைக்குத் தாமிரபரணிக் கரையின் கோரை கிடைத்தது. ஆகையால் அந்தத் தொழிலின் குடும்பங்கள் இன்றும் அதே ஊரிலோ அதைச் சுற்றியோதான் இருக்கின்றன. குத்துவிளக்குக்கு நாச்சியார்கோயில், கலம்காரிக்குக் கருப்பூரும் சிக்கல்நாயக்கன்பேட்டையும், கற்சிற்பத்துக்கு மாமல்லபுரம், மரச்சிற்பத்துக்கு அரும்பாவூரும் கள்ளக்குறிச்சியும், மண்பாண்டத்துக்கு மானாமதுரை, கொலு பொம்மைக்கு மதுரையை அடுத்த விளாச்சேரி, பனையோலைக் கொட்டானுக்கும் கண்டாங்கிச் சேலைக்கும் காரைக்குடிப் பகுதி என்று தொடக்கப் பட்டியல் ஒன்றை யாரும் எளிதில் உருவாக்கிக்கொள்ளலாம்.

ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் மட்டும் போதாது. பெரிய சாலையிலும் கோயில் வாசலிலும் நீங்கள் காண்பவை கடைகள். அவற்றுள் சில கைவினைஞர்களின் சொந்தக் கடைகளாக இருக்கலாம், பல வணிகர்களுடையவை. பட்டறையும் தறியும் பின் தெருக்களிலும் வீட்டுத் திண்ணைகளிலும் இருக்கும். ஆட்டோ ஓட்டுநரிடம் ‘நல்ல விளக்கு எங்கே கிடைக்கும்?’ என்று கேட்டால் அவர் ஒரு கடைக்குத்தான் அழைத்துச் செல்வார், அது அவருடைய குற்றமும் அன்று. ‘விளக்குக்குக் கடைசல் பிடிப்பவர் வீடு எது?’, ‘மெழுகு பிடிக்கும் பட்டறை எங்கே?’, ‘பாய்க்குப் பாவு கட்டுகிறவர்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள்?’ என்று வேலையின் பெயரைச் சொல்லிக் கேட்டால் விடை வேறாக வரும். தொழிலின் சொற்களை ஓரளவு தெரிந்துகொண்டு போவது மதிப்பைக் காட்டுவதோடு வழியையும் காட்டும்.

பொருளைப் பயன்படுத்துகிறவர்களைக் கேளுங்கள்

நான் அறிந்த வழிகளில் மிகவும் நம்பகமானதும் மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படுவதும் இதுதான். ஒரு கைவினைப் பொருளை அலங்காரத்துக்காக வாங்குகிறவரைவிட, அதை வைத்துத் தொழில் செய்கிறவருக்குச் செய்தவரைப் பற்றி நன்றாகத் தெரியும். கடம் வாசிப்பவருக்குச் சுருதி சேரும் கடம்தான் வேண்டும், அவர் கடையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வருவதில்லை. மானாமதுரையில் அந்தக் களிமண்ணைப் பதப்படுத்தி, தட்டித் தட்டிச் சுவரின் கனத்தைச் சமன்செய்யும் குடும்பத்தை அவர் அறிந்திருப்பார். வீணை ஆசிரியரைக் கேட்டால் தஞ்சாவூரில் பலாமரத்தை ஒரே துண்டில் குடைந்து ஏகாந்த வீணை செய்பவர் யார், பகுதிகளை இணைத்து ஒட்டு வீணை செய்பவர் யார் என்பதைச் சொல்வார். பரதநாட்டிய ஆசிரியைக்கு நாகர்கோவிலை ஒட்டிய வடசேரியின் கோயில் நகைப் பத்தர்களைத் தெரிந்திருக்கும். கோயில்களில் தேர்ச்சீலை, தொம்பை என்னும் உருளை வடிவத் தொங்கல், வாசல் மாலை ஆகியவற்றுக்குக் கலம்காரித் துணி வாங்கும் பொறுப்பில் இருப்பவர்கள், கருப்பூர்ப் பாணியில் மூங்கில் எழுதுகோல் கொண்டு துணியில் வரைகிறவர்களின் வீட்டைக் காட்டிவிடுவார்கள்.

இந்த வழியில் கிடைக்கும் பெயருக்கு ஒரு தனி வலிமை உண்டு. பொருளை ஆண்டுக்கணக்கில் கையாண்டு, அது உழைத்ததைப் பார்த்த பிறகு சொல்லப்படும் பெயர் அது. விளம்பரம் எதனாலும் அதைத் தர முடியாது.

பதிவேடுகளும் கண்காட்சிகளும்

ஒரு பொருளின் பெயரை அதன் ஊரோடு இணைத்துக் காக்கும் புவிசார் குறியீடு என்ற சொல் இப்போது எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. அதன் பதிவேட்டை ஒரு முகவரிப் புத்தகம்போலப் பயன்படுத்தலாம் என்பது பலருக்குத் தெரியாது. 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003 செப்டம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. நாடு முழுமைக்குமான பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. பதிவேட்டின் ‘ஏ’ பகுதியில் பொருளும் அதன் உரிமை பெற்ற சங்கமோ நிறுவனமோ இடம்பெறும்; ‘பி’ பகுதியில் அந்தப் பெயரைப் பயன்படுத்த அங்கீகாரம் பெற்ற தனி மனிதர்கள் இடம்பெறுவார்கள். பதிவகத்தின் இணையதளத்தில் உங்களுக்கு வேண்டிய பொருளைத் தேடி, அங்கீகாரம் பெற்றவர்களின் பெயர்களைப் பார்த்துக்கொண்டு ஊருக்குப் போனால் விசாரிப்பது எளிதாகும். பத்தமடைப் பாய் 2013இலும், மாமல்லபுரம் கற்சிற்பம் 2017இலும், கருப்பூர் கலம்காரி 2021இலும், மானாமதுரை மண்பாண்டம் 2023இலும் இந்தப் பதிவைப் பெற்றன.

இதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். குறியீடு ஊரையும் முறையையும் காக்கிறதே தவிர, ஒரு குறிப்பிட்ட கைவினைஞரின் திறமைக்குச் சான்று தருவதில்லை. பதிவில் பெயர் இல்லாத அருமையான கலைஞர்கள் பலர் உண்டு. விண்ணப்பம் எழுத ஆளில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இருக்காது.

கண்காட்சிகளில் தேடுகிறவர்கள், அரங்கில் நிற்பவர் செய்தவரா விற்பவரா என்பதை முதல் சில நிமிடங்களிலேயே அறிந்துகொள்ள முடியும். மத்திய அரசின் கைவினை மேம்பாட்டு ஆணையர் அலுவலகம் கைவினைஞர்களுக்குப் ‘பெஹ்சான்’ என்ற அடையாள அட்டையை வழங்குகிறது. அந்த அலுவலகத்தின் ஆதரவில் நடைபெறும் காந்தி சில்ப் பஜார் போன்ற சந்தைகள் கைவினைஞர்களுக்கென்றே நடத்தப்படுபவை. அட்டையைக் காட்டுங்கள் என்று காவலரைப் போலக் கேட்க வேண்டியதில்லை. ‘இதைச் செய்ய எத்தனை நாள் ஆனது? எந்த இடத்தில் கை தவறினால் திரும்பத் தொடங்க வேண்டும்?’ என்று கேளுங்கள். செய்தவர் உடனே ஒரு பொருளை எடுத்துத் திருப்பிக் காட்டிப் பேசத் தொடங்குவார். விற்பவர் விலையைச் சொல்வார்.

சென்னைக்கு அருகில் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா மிகவும் பயன்படும். 1996இல் திறக்கப்பட்ட அந்த வளாகத்தில் தென்னிந்திய வீடுகளோடு கைவினைஞர்கள் வேலை செய்வதையும் நேரில் பார்க்கலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை. அரசின் பூம்புகார் நிறுவனம் 1973 முதல் இயங்கி வருகிறது. அதன் விற்பனை நிலையத்தில் ஒரு பொருள் உங்களுக்குப் பிடித்துவிட்டால், அதை எந்த ஊரில் யாரிடம் கொள்முதல் செய்தார்கள் என்று அங்குள்ள அலுவலரிடம் தயங்காமல் கேளுங்கள். மாநில விருது பெற்ற கைவினைஞர்களைப் பற்றியும் அங்கேயே விசாரிக்கலாம்.

இணையத்தில் தேடும்போது

பெரிய இணையச் சந்தைகளில் சிறு கைவினைஞர்களைக் காண்பது அரிதாக இருப்பதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. 2023 அக்டோபர் 1 வரை, ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத எவராலும் அத்தகைய தளங்களில் சரக்கு விற்க முடியவில்லை. அதன்பின் மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வணிகர்களுக்கு விலக்கு கிடைத்தது. எனவே ஒரு வீட்டில் இரண்டு பேர் செய்யும் பொருள் அங்கே காணப்பட்டால், அதை இன்னொருவர் வாங்கி விற்கிறார் என்றே பெரும்பாலும் கொள்ளலாம். கைவினைஞர்களின் பிள்ளைகள் இப்போது இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் வாட்ஸ்ஆப்பிலும் தங்கள் குடும்பத்தின் வேலையைக் காட்டுகிறார்கள். பொருளின் பெயரோடு ஊரின் பெயரையும் சேர்த்து, தமிழில் ஒருமுறையும் ஆங்கிலத்தில் ஒருமுறையும் தேடுங்கள். இரண்டும் வெவ்வேறு ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்தும்.

கணக்கைப் பார்க்கும்போது முடிந்த பொருளின் அழகான படங்களை விட்டுவிட்டு, பாதியில் நிற்கும் வேலையின் படங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மெழுகு உருவம், மண் பூசிய கரு, தறியில் நிற்கும் பாதிப் பாய், மக்கு (புடைப்பு எழுப்பும் சுண்ணப் பசை) காயாத ஓவியப் பலகை ஆகியவை பட்டறையில் இருப்பவரிடம்தான் இருக்கும். ஒரே படம் பல கணக்குகளில் வருகிறதா என்பதைப் படத்தேடல் மூலம் சரிபார்க்கலாம். பிறகு, உங்களுக்குப் பிடித்த பொருளின் பின்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் காட்டும் சிறிய காணொலியைக் கேளுங்கள். அளவில் ஒரு மாற்றம் செய்து தர முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். செய்பவர் முடியும் என்றோ முடியாது என்றோ காரணத்தோடு சொல்வார். ‘விசாரித்துச் சொல்கிறேன்’ என்ற பதில் வந்தால் நடுவில் இன்னொருவர் இருக்கிறார் என்று அறியலாம்.

நடுவில் ஒருவர் இருப்பதாலேயே அவரை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நூல் வாங்கிக் கொடுத்து, கூலியை நேரத்தில் தந்து, பொருளை ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்கும் வணிகர்கள் இல்லாமல் பல தறிகள் ஓடாது. செய்தவரின் பெயரை மறைக்காமல் சொல்லும் கடைக்காரரிடம் மனநிறைவோடு வாங்கலாம்.

பொருளே சொல்லும் செய்தி

ஆளைக் கண்டுபிடித்தபின்பும் பொருளைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். வெண்கலச் சிலையில் தொடங்குகிறேன். சுவாமிமலை முறையில் தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்த கலவையில் முழு உருவத்தையும் முதலில் செய்கிறார்கள். அளவுக்குத் தென்னை ஓலையைத் தாளம் என்னும் சிற்ப அளவுக் கணக்குப்படி மடித்து வைத்துக்கொள்கிறார்கள். அந்த உருவத்தின்மேல் வண்டல் மண்ணை மெல்லிய பூச்சாக இட்டு, உலர்ந்தபின் கெட்டியான மண்ணை அடுக்கி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியபின் கருவை உடைத்தால்தான் சிலை வெளிவரும். ஆகவே ஒரு கருவில் ஒரே சிலைதான். கடையில் ஒரே அளவில், ஒரே விரல் வளைவோடு, ஒரே சிறு குறையோடு பத்துச் சிலைகள் நின்றால் அவை இந்த முறையில் வார்க்கப்பட்டவை அல்ல. சிலையின் பக்கவாட்டில் தலையிலிருந்து பீடம்வரை மெல்லிய இணைப்புக் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். இருந்தால் இரு பாதி அச்சில் வார்த்தது என்று பொருள். இங்கே மரபாகச் செய்வது உள்ளீடற்ற வார்ப்பன்று, கனவார்ப்பு. எனவே கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம் தெரியும். நகைகளின் விளிம்பிலும் விரல் இடுக்கிலும் உளி ஓடிய தடம் கூர்மையாக இருக்க வேண்டும். அங்கே எல்லாம் வழுவழுவென்று மழுங்கியிருந்தால் வார்ப்புக்குப் பிந்தைய நுட்ப வேலை நடைபெறவில்லை.

தஞ்சாவூர் ஓவியத்தில் இரண்டு கேள்விகள் போதும்: ரேக்கு, அதாவது மேலே ஒட்டும் மெல்லிய தகடு, உண்மையான தங்கமா, முகம் கையால் எழுதியதா. பலகையில் துணியை ஒட்டி, சுண்ணத்தூளும் பசையும் சேர்த்த மக்கால் நகைகளையும் வளைவுகளையும் புடைப்பாக எழுப்பி, கற்களைப் பதித்து, அதன்மேல் தங்க ரேக்கை ஒட்டியபிறகே வண்ணம் தீட்டுவார்கள். பொன்னிறத் தாள் சில ஆண்டுகளில் கறுக்கும். 22 காரட் ரேக்கு அப்படிக் கறுப்பதில்லை. அச்சிட்ட முகத்தின்மேல் வண்ணம் தடவி விற்பதும் நடக்கிறது. சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடியை முகத்தருகே வைத்துப் பார்த்தால் அச்சின் புள்ளிகள் தெரிந்துவிடும். கையால் எழுதியதில் தூரிகையின் இழுப்புத் தெரியும்.

துணியிலும் பாயிலும் பின்பக்கம்தான் முதன்மையான சாட்சி. நீலகிரித் தோடர் பெண்கள் பூத்துக்குளி என்னும் போர்வையில் போடும் சிவப்பு, கறுப்பு நூல் வேலைக்கு வரைபடம் கிடையாது; வெள்ளைத் துணியின் இழைகளை எண்ணியே ஊசியை ஓட்டுகிறார்கள். அதன் பின்பக்கமும் ஒழுங்காகவே இருக்கும். இயந்திரத் தையலின் பின்பக்கத்தில் வேறொரு நூல் ஓடியிருப்பதையோ ஒட்டுத்துணி வைத்திருப்பதையோ காணலாம். பத்தமடைப் பாயில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் பருத்தியா நைலானா என்பதைக் கேளுங்கள். மிக நுண்ணிதாகக் கிழித்த கோரையால் நெய்த பட்டுப் பாய் துணியைப்போல மடியும்; பருமனான கோரைப் பாயை மடித்தால் ஒடியும். பவானி ஜமக்காளத்தைப் பொறுத்தவரை, அது கைத்தறிக்கென்று 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒதுக்கப்பட்ட இரகங்களுள் ஒன்று. அப்படியிருந்தும் விசைத்தறிப் போலிகள் அதே பெயரில் விற்கப்படுகின்றன. கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, எந்தக் கூட்டுறவுச் சங்கத்தின் தறியில் நெய்தது என்று கேட்டு வாங்குங்கள்.

பட்டறைக்குப் போவதும் வேலை கொடுப்பதும்

தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போங்கள். உலோகம் ஊற்றும் நாளில் பட்டறையில் யாருக்கும் பேச நேரமிருக்காது. உருகிய உலோகம் ஆறுவதற்குள் எல்லாக் கருக்களும் நிரம்பியாக வேண்டும். மழைக்காலத்தில் மண் உலராது, அதனால் வார்ப்பு வேலையும் மண்பாண்ட வேலையும் தாமதமாகும் என்பதை முன்கூட்டியே கணக்கில் கொள்ளுங்கள். விளாச்சேரிக் குடும்பங்களுக்கு நவராத்திரிக்குக் கொலு பொம்மை, கார்த்திகைக்கு விளக்கு, கிறிஸ்துமஸுக்குக் குடில் பொம்மை என்று ஆண்டின் பின்பாதி முழுதும் வேலை நெருக்கும். உங்கள் கருத்துக்கேற்ற ஒரு கொலு செட் வேண்டுமானால் ஆனி மாதத்துக்குள் சொல்லிவிட வேண்டும். புரட்டாசியில் போனால் இருப்பதைத்தான் வாங்க முடியும்.

படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். புதிய வடிவமைப்பு எதையும் அவர்கள் சம்மதமின்றி இணையத்தில் இடாதீர்கள், ஒரு படம் வெளியானால் சில வாரங்களில் அதன் நகல் சந்தைக்கு வந்துவிடும். முதல் சந்திப்பில் பெரிய வேலை எதையும் கொடுக்காமல் சிறிய பொருள் ஒன்றை வாங்கிப் பழகுவது இரு தரப்புக்கும் நல்லது.

விலையைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. கடையில் பேரம் பேசுவது ஒரு வழக்கம். கைவினைஞரின் வீட்டில் அதே பேரம் அவருடைய கூலியில்தான் கை வைக்கிறது, ஏனென்றால் உலோகமும் பட்டும் தங்கமும் வாங்கிய விலையில் குறையாது. உங்கள் தொகைக்குள் அடங்கவில்லை என்றால் அதை அப்படியே சொல்லி, அளவைக் குறைத்தோ வேலைப்பாட்டை எளிதாக்கியோ தர முடியுமா என்று கேளுங்கள். அதற்கு அவர்களிடம் எப்போதும் ஒரு வழி இருக்கும்.

சொல்லிச் செய்விக்கும் வேலைக்கு அச்சாரம் கொடுப்பதே முறை. மூலப்பொருள் வாங்க அந்தப் பணம்தான் பயன்படும். பாதித் தொகையை முன்னதாகக் கொடுப்பது நியாயமானது. அளவு, உலோகம் அல்லது நூலின் தரம், முடிக்கும் காலம், வார்ப்பு பழுதானால் யார் பொறுப்பு, அனுப்பும் செலவு யாருடையது என்ற ஐந்தையும் ஒரு தாளிலோ வாட்ஸ்ஆப் செய்தியிலோ எழுதிக்கொள்ளுங்கள். பத்தமடையில் மணமக்களின் பெயரையும் திருமண நாளையும் பாயிலேயே நெய்து தருவார்கள். அப்படிப்பட்ட வேலைக்கு எழுத்துகளைத் தெளிவாக எழுதிக் கொடுத்து, பெயரை ஒருமுறை படித்துக் காட்டச் சொல்வது அவசியம். பாய் நெய்பவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். பேச்சு வீட்டு ஆண்களோடு நடந்தாலும் நெய்பவரையும் அழைத்துக் கேட்டால் காலக்கெடு சரியாக அமையும்.

வெளிநாட்டில் வாழ்கிறவர்கள் சிலை வாங்கினால் ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டுக்கு மேற்பட்ட சிலைகளை நாட்டைவிட்டுக் கொண்டுசெல்ல முடியாது. புதிய சிலையும் பழையதுபோலத் தோன்றக்கூடும் என்பதால், அது தொல்பொருள் அன்று என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெற்றுக்கொள்ள வேண்டும். ஸ்தபதி கையெழுத்திட்ட, செய்த தேதியுள்ள ரசீதை அதற்காகவே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஓவியர்களும் சிற்பிகளும்

மரபுக் கைவினைக்கு வெளியே, தம் சொந்தக் கற்பனையில் இயங்கும் கலைஞர்களைத் தேடுகிறவர்களுக்கு வழி சற்று வேறு. சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரிகளில் மாணவர் கண்காட்சிகள் நடக்கும்போது போய்ப் பாருங்கள். 1850இல் தொடங்கிய சென்னைக் கல்லூரியிலிருந்து இன்றும் ஆண்டுதோறும் இளைஞர்கள் வெளிவருகிறார்கள், அவர்களுள் பலருக்கு முதல் படம் விற்பதே பெரிய ஊக்கம். ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் உருவான சோழமண்டலம் கலைஞர் கிராமத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாத்திக் துணியும் பிற கைவினைப் பொருள்களும் செய்து விற்ற பணத்தில்தான் அந்தக் கலைஞர்கள் நிலம் வாங்கி, ஓவியமும் சிற்பமும் செய்ய நேரம் தேடிக்கொண்டார்கள். சென்னை கிரீம்ஸ் சாலையிலுள்ள லலித் கலா அகாதமி மண்டல மையத்தின் கண்காட்சிகளில் கலைஞர்கள் பெரும்பாலும் தாமே அருகில் இருப்பார்கள். பேசலாம், முகவரி கேட்கலாம்.

வாங்கியபிறகு

பொருளோடு செய்தவரின் பெயர், ஊர், ஆண்டு ஆகிய மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவையுங்கள். பரிசாகக் கொடுத்தால் அந்தச் சீட்டும் உடன் போகட்டும். நண்பர்கள் கேட்டால் கைவினைஞரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவர் எண்ணைக் கொடுங்கள். ஒரே நேரத்தில் ஐம்பது அழைப்புகள் வந்தால் ஒரு தறி வைத்திருப்பவரால் தாங்க முடியாது. பழுது வந்தாலும் அவரிடமே போங்கள். வீணையின் மெழுகு மேளம், அதாவது மெட்டுகளைப் பிடித்து நிறுத்தும் மெழுகுப் படுகை, காலப்போக்கில் இளகி, மறுபடி கட்ட வேண்டிவரும். விளக்கின் திருகு தேயும். ஓவியத்தில் ஒரு கல் உதிரும். இவற்றுக்கான கூலி சிறியதாக இருந்தாலும், வேலை இல்லாத மாதங்களில் அது அவருக்கு உதவும். செய்த கையாலேயே செப்பனிடப்பட்ட பொருளும் நெடுங்காலம் நிற்கும்.